முற்றிய இலையும் முதல் தூசியும்

தேயிலைக் கொழுந்தைக் காயவைத்து அளந்தால் ஒரு கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் அலுமினியம் தேறும். அதே செடியின் அடிக்கிளையில் இருக்கும் முற்றிய இலையை எடுத்தால் கணக்கு 10,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேலே உலோகம். வேறு பயிராக இருந்தால் மண்ணில் கரைந்த அலுமினியம் கொஞ்சம் தொட்டாலே வேர் நுனி குட்டையாகி நின்றுவிடும். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரே மண்ணை இரண்டு விதமாக நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு இறக்கி மண்ணின் புளிப்பை முறிக்கிறார்கள். பக்கத்துச் சரிவில் தேயிலைக்காரர்கள் அந்தப் புளிப்பைக் காப்பாற்றி வைக்கிறார்கள். பி.எச். அளவு ஐந்தை ஒட்டிக் கீழே இறங்கும்போதுதான் களிமண்ணில் பூட்டிக் கிடக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வரும். தேயிலை வேர் அதை உறிஞ்சிப் பழைய இலைகளில் கொண்டுபோய் ஒதுக்கும். கவ்வாத்து செய்யும்போது அந்த இலையும் குச்சியும் நிரைக்கு நடுவே விழுந்து மட்கும். அலுமினியம் மறுபடியும் மேல்மண்ணுக்கே திரும்பும். (குடிக்கிறவர்கள் பயப்படவேண்டாம். ஒரு கோப்பைச் சாயத்தில் இறங்குவது ஒரு மில்லிகிராம் அளவுதான், அதிலும் பெரும்பகுதியை உடல் ஏற்பதில்லை.) மண்ணைப் பற்றிய பேச்சு எங்கள் தொழிலில் உர மூட்டையோடு முடிந்துவிடும். ஆனால் இவ்வளவு அலுமினியம் இந்தச் சரிவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், பதில் தோட்டத்து எல்லைக்குள் அடங்குவதில்லை. கோள்கள் உண்டான கதை வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

அந்தக் கதையை அறிமுக நூல்கள் பெரும்பாலும் சேர்ப்பதிலிருந்தே தொடங்குகின்றன. சூரியனைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு தட்டு. தூசி ஒட்டிக் கூழாங்கல், கூழாங்கல் திரண்டு குன்று, குன்றுகள் மோதிக் கோள். சொல்வதில் தவறில்லை. ஆனால் தேயிலைத் தொழிலில் ஊறியவர்களுக்கு இந்தக் கதை பாதி வழியில் நிற்பதாகப் படும். கூடையில் கொழுந்து சேர்ந்ததும் அது தேயிலை ஆகிவிடாது. வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், புளிக்க விடவேண்டும் (அது புளிப்பதே இல்லை, காற்றுப் பட்டு நிறம் மாறுவதை இந்தத் தொழில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டது), உலர்த்த வேண்டும், கடைசியில் சல்லடைகளில் ஏற்றித் தூள் வேறு இலை வேறாகப் பிரிக்க வேண்டும். கோளும் அப்படித்தான் என்பது என் வாதம். சேர்ந்த பொருள் எது என்பதைவிட, சேர்ந்தது எத்தனை முறை உருகிப் பிரிந்தது, பிரிந்தது மறுபடி உலைக்குப் போனதா என்பதுதான் ஒரு கோளை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. இதை நிறுவ இரும்பையோ தண்ணீரையோ தொடர்ந்து போகலாம். தேயிலை தானே காட்டிக்கொடுப்பதால் நான் அலுமினியத்தைத் தொடர்கிறேன்.

1969 பிப்ரவரியில் மெக்சிகோவின் அயெண்டே என்ற ஊர்ப்பக்கம் டன் கணக்கில் விண்கற்கள் விழுந்தன. கரிய கல்லுக்குள் வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் கால்சியமும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமங்கள். சூரியனைச் சுற்றியிருந்த சூடான வாயு ஆறத் தொடங்கியபோது முதலில் திடமானவை. இந்த வகைத் துணுக்குகளின் வயது ஏறக்குறைய 456.7 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்துக்கு வயது சொல்லும்போது நாம் உண்மையில் சொல்வது இந்தத் துணுக்குகளின் வயதைத்தான். ஆக, நம் கோள் கதையில் முதலில் கெட்டியான பொருள்களில் அலுமினியம் ஒன்று. அதைவிடப் பெரிய விஷயம், அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைய அலுமினியத்தில் ஏறக்குறைய 20,000 அணுவுக்கு ஒன்று கதிரியக்கம் உள்ள அலுமினியம்-26. ஏழு லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்து மெக்னீசியமாக மாறிவிடும் சரக்கு. மாறும்போது சூட்டைக் கக்கும். இன்றைக்கு ஒரு சிட்டிகையும் மிச்சமில்லை. ஆனால் அது இருந்த தடம் அயெண்டே துணுக்குகளில் மெக்னீசியம்-26 கூடுதலாக இருப்பதில் தெரிகிறது. 1976இல் அதை அளந்து காட்டினார்கள். முதல் இருபது லட்சம் ஆண்டுகளுக்குள் சில பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு வளர்ந்துவிட்ட குன்றுகளை உள்ளிருந்து உருக்க இந்தச் சூடு போதும். உருகியதும் கனமான இரும்பு அடியில் இறங்கியது, லேசான பாறை மேலே நின்றது. அருங்காட்சியகங்களில் பளபளக்கும் இரும்பு விண்கற்கள் பெரும்பாலும் அப்படி உருகிப் பின்பு உடைந்துபோன குட்டி உலகங்களின் நெஞ்சுப்பகுதி. சேர்ப்பு முடிந்து, பிறகு பிரிப்பு தொடங்கியது என்று நினைப்பது இதனால்தான் தவறு. பூமி முழு உருவம் பெறும் முன்பே, அதற்குள் வந்து விழவிருந்த உருண்டைகளில் பல பிரிந்து தரம் கண்டவை.

நிலவில் இந்தப் பிரிப்பின் அடுத்த கட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது. பெரிய மோதல் ஒன்றிலிருந்து பிறந்த நிலவு தொடக்கத்தில் பாறைக் குழம்புக் கடலாக இருந்தது. அது ஆறும்போது இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த படிகங்கள் மூழ்கின. கால்சியமும் அலுமினியமும் கொண்ட ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதுபோல மிதந்து மேலே கூடின. அந்த ஆடைதான் நாம் வெறுங்கண்ணால் பார்க்கும் வெளிறிய மேட்டுநிலம். அனார்த்தோசைட் என்ற பாறை. அப்போலோ கொண்டுவந்த கற்களிலிருந்து ஊகித்த இந்தக் கதையை, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவப் பக்கம் இறங்கிய சந்திரயான்-3 நேரில் சோதித்தது. பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் தூரம் நகர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கும் அதே அனார்த்தோசைட் வகைதான் என்று அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் 2024இல் வெளியிட்டார்கள். இறங்குகலத்தையும் ஊர்தியையும் பூமியில் ஓட்டிப் பழக்க நிலவு மண் போன்ற மண் வேண்டுமே என்று தேடியபோது இஸ்ரோவுக்குக் கைகொடுத்தது நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை. அது பூமியின் ஆழத்தில் குழம்பு தேங்கிய இடத்தில் உருவானது. நிலவின் ஆடைக்கும் அதற்கும் வரலாறு வேறு, சரக்கு மட்டும் ஒன்று. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு நாமக்கல்லே நிலவின் துண்டு என்று எழுதுகிற உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

எண்களாகப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. கோள்களின் மூலச் சரக்குக்கு மிக நெருக்கமானவை என்று கருதப்படும் பழைய கரிய விண்கற்களில் அலுமினியம் எடையில் 1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பூமியின் மேலோட்டில் அது ஏறக்குறைய 8 சதவீதம். தேயிலைச் சரிவின் வெள்ளைக் களியான கயோலினைட்டில் 21 சதவீதம். இரும்பு நேர் எதிர்த்திசையில் போகிறது: மூலக் கல்லில் 18 சதவீதம், கிரானைட்டில் ஒன்றிரண்டு சதவீதம். மிச்ச இரும்பில் பெரும்பங்கு நம் காலுக்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கேமரன் மலையில் வெட்டிய கரையெல்லாம் செம்மஞ்சளாகத் தெரிகிறதே, இரும்பு நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். இரும்புக்குச் சாயம் ஏற்றும் சக்தி அதிகம். சிறிதளவு துரு போதும், மலையே சிவக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், அது பலமானது. சல்லடையைப் பெரிதாகப் பேசுகிறாயே, ஒரு கோள் எத்தனை காலம் சூடாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதே அது எவ்வளவு சேர்த்துக்கொண்டது என்பதுதானே? சின்ன உருண்டை சீக்கிரம் ஆறும். நிலவின் எடை பூமியில் 81இல் ஒரு பங்கு, செவ்வாயின் எடை பத்தில் ஒரு பங்கு. அவை நின்றுபோனதற்குக் காரணம் அளவுதானே, அப்படியானால் சேர்ப்பே மூலம்? பாதி ஒப்புக்கொள்கிறேன். உலை எவ்வளவு நேரம் எரியும் என்பதை அளவு தீர்மானிக்கிறது. ஆனால் உலைக்குள் என்ன நடக்கும் என்பதை அது தீர்மானிக்கவில்லை என்பதற்கு வெள்ளி சாட்சி. எடையில் பூமியில் ஐந்தில் நான்கு பங்கு. ஏறக்குறைய இரட்டைப் பிள்ளை. இருந்தும் தரையில் சுமார் 460 டிகிரி வெப்பம், நம்மைப்போல 90 மடங்குக் காற்றழுத்தம், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கூடையின் எடையைக் கேட்டுத் தேயிலையின் தரத்தைச் சொல்ல முடியாததுபோலத்தான் இதுவும்.

செவ்வாயின் கதை இன்னும் கூர்மையானது. 2021இல் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தி, வழியெல்லாம் சிதறிக் கிடந்த வெளிறிய கற்களைக் கண்டது. அவற்றில் கயோலினைட் இருப்பதை 2024 வாக்கில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கேமரன் மலைக்காரர்களுக்குப் பழகிய பொருள். பாறையில் உள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று கரையக்கூடியதையெல்லாம் தண்ணீர் கழுவிக்கொண்டு போனபின், கரைய மறுக்கிற அலுமினியமும் சிலிக்காவும் மிஞ்சிக் கூடியதுதான் கயோலினைட். பூமியில் அது பெரும்பாலும் மழை விடாமல் பெய்யும் வெப்பநிலங்களில்தான் கனமாக உருவாகிறது. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அப்படியானால் செவ்வாயிலும் ஒரு காலத்தில் நீண்ட மழை இருந்திருக்கலாம். அங்கே நிலவைவிட ஒரு சல்லடை கூடுதலாக ஓடியிருக்கிறது: முதலில் நெருப்பின் சல்லடை, பிறகு தண்ணீரின் சல்லடை. அதோடு நின்றது. கயோலினைட் கற்கள் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே கிடக்கின்றன. கழுவிக் கிடைத்த களிமண்ணை மறுபடி கோளுக்குள் இழுத்து உருக்கும் ஏற்பாடு செவ்வாயில் இல்லை.

அந்த ஏற்பாட்டின் விளைவை மிதித்துக்கொண்டுதான் தேயிலை நிரைகள் நிற்கின்றன. தீத்திவாங்சா மலைத்தொடரின் முதுகெலும்பு கிரானைட். வயது ஏறக்குறைய 20 முதல் 23 கோடி ஆண்டு. இந்த மேட்டுநிலத்துக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் 1885இல் இதை அளக்க வந்தவர், தொழிலால் நிலவியலாளரும்கூட. ஆனால் இந்தப் பாறை எப்படி வந்தது என்று அவர் காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இன்று சொல்லப்படுவது இது. மலாய்த் தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் தனித்தனி நிலத்துண்டுகள். நடுவே ஒரு கடல். அந்தக் கடல் மூடி இரண்டும் மோதிய தழும்பு பெந்தோங், ராவுப் வழியாக வடக்கே ஓடுகிறது. கேமரன் மலையிலிருந்து குவா மூசாங்குக்கு இறங்கும் சாலை ஓரத்தில் ஆழ்கடல் சேறு இறுகிய பாறைகள் தெரிவது அதனால்தான். மோதலில் மேலோடு மடிந்து தடித்தது. மேலே படிந்திருந்த பழைய சேறு ஆழத்துக்குப் போனது. இங்கேதான் களிமண்ணின் குணம் வேலை செய்கிறது. களிமண் தன் அமைப்புக்குள் தண்ணீரைப் பூட்டி வைத்திருக்கிறது. புதைந்து அழுந்தி மைக்காவாக மாறினாலும் அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தை விடுவதில்லை. தண்ணீர் இல்லாத கிரானைட் உருக ஏறக்குறைய 1,000 டிகிரி வேண்டும். தண்ணீர் இருந்தால் 650, 700 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆழத்தில் மைக்கா உடையும்போது தன் தண்ணீரைத் தானே குழம்புக்குக் கொடுத்து, தன்னைத் தானே உருக்கிக்கொள்கிறது. செவ்வாயில் கல்லாகவே கிடந்துவிட்ட கயோலினைட்டுக்குப் பூமியில் கிடைத்த வாழ்வு இது. அப்படிப் பிறந்த குழம்பில் அலுமினியம் மிகுதி; பழைய மலைகளில் மழை கழுவிச் சேர்த்த மிகுதி அது. கிரானைட் மேலே வந்து, போர்த்தியிருந்த பாறை பல கிலோமீட்டர் தடிமனுக்கு அரித்துப் போய், மறுபடி மழைக்கு முகம் காட்டி, மறுபடி கயோலினைட் ஆகி, 1929இல் ஜே.ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது அந்தக் களியில் தேயிலை வேர் பிடித்தது.

இந்தக் கதையை இவ்வளவு நேர்த்தியாகச் சொல்லக்கூடாது என்று மலேசிய நிலவியலாளர்களே எச்சரிக்கிறார்கள், அதை மறைப்பது நியாயமில்லை. சேறு உருகிப் பிறந்த கிரானைட் என்று பாடநூல்கள் இந்த மலைத்தொடரை வகைப்படுத்தின. மலாயாப் பல்கலைக்கழகத்தின் அஸ்மான் கனியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013இல் எழுதிய ஆய்வில், எரிபாறை உருகிப் பிறந்ததற்கான குணங்களும் இதில் கலந்திருப்பதைக் காட்டி, இது இடைப்பட்ட வகை என்றார்கள். அப்படியானால் என் வாதத்தின் தூண் சாய்ந்துவிடுமா? சேறு மட்டுமே உருகியது என்று நான் பிடிவாதம் பிடித்தால் சாயும். ஆனால் இந்தக் கிரானைட்டின் நியோடிமியம் ஐசோடோப்புகள் மூலப்பாறையின் வயதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் தள்ளுகின்றன. உருகிய சரக்கு சேறோ, எரிபாறையோ, இரண்டின் கலவையோ, அது அப்போதுதான் பூமியின் உள்ளிருந்து வந்த புதுச் சரக்கு அல்ல என்பதில் சண்டை இல்லை. ஒருமுறை மேலோடாகி, கிடந்து, மறுபடி உலைக்குப் போன பழைய சரக்கு. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

இன்னொரு சாட்சி மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை (சுரங்கங்களை) உலகப் புகழ் பெறச் செய்த வெள்ளீயம், இந்தக் கிரானைட் குளிரும்போது கடைசியாக எஞ்சிய நீர் கலந்த குழம்பில் திரண்டது. படிகங்கள் எதை ஏற்க மறுக்கின்றனவோ அது கடைசிச் சாற்றில் கூடும். பொட்டாசியம், யுரேனியம், தோரியம் கூடுவதும் அதே வழியில்தான். மூல விண்கல்லில் நூறு கோடிக்கு எட்டுப் பங்கு இருக்கும் யுரேனியம், சாதாரண கிரானைட்டில் பத்து லட்சத்துக்கு நான்கு பங்கு வரை ஏறுகிறது, ஐந்நூறு மடங்கு. எரிமலையே இல்லாத பேராக்கில் ஊலு சிலிம் வெந்நீர் ஊற்று கொதிக்கக் காரணம், கிரானைட் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிய மழைநீர் அங்குள்ள சூட்டை வாங்கித் திரும்புவது. அந்தச் சூட்டில் இந்தக் கதிரியக்கத் தனிமங்களுக்கும் பங்கு உண்டு. ஈயத்தை அலசியபின் ஒதுக்கும் கனமான கறுப்பு மணலுக்கு லம்பக்காரர்கள் வைத்த பெயர் அமாங். அதில் சிர்க்கான் மணிகள் கிடக்கும். அதே கனிமத்தின் மணியொன்று ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்சில் 440 கோடி ஆண்டு வயதோடு கிடைத்தது. பூமி பிறந்து இருபது கோடி ஆண்டுகூட ஆகும் முன்பே கிரானைட்டுக்கு நெருங்கிய பாறையும் தண்ணீரும் இங்கே இருந்தன என்று பலர் அதிலிருந்து வாதிடுகிறார்கள்.

தண்ணீர் இல்லாத நிலவிலும் கிரானைட் கிடைத்ததே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். நிலவின் மறுபக்கத்தில் காம்ப்டன்-பெல்கோவிச் என்னும் இடத்தின் அடியில் சுமார் 50 கிலோமீட்டர் அகலத்துக்குச் சூடு கக்கும் கிரானைட் திரள் புதைந்திருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. சீனாவின் சாங்'அ கலங்கள் எடுத்த நுண்ணலை அளவீடுகளை வைத்து. ஆகவே கிரானைட்டுக்குத் தண்ணீர் கட்டாயம் என்று சொல்லமுடியாது. திரும்பத் திரும்ப உருக்கினால் தண்ணீர் இல்லாமலும் ஒரு குட்டித் திரள் தேறும். கண்டம் கண்டமாகத் தேறுமா என்பதே கேள்வி. அதற்கு விடை வெள்ளியில் இருக்கிறது. அங்கே டெசரா என்று அழைக்கப்படும் மடிந்து நெளிந்த மேட்டுநிலங்கள் கிரானைட் வகையோ என்ற ஐயம் 1990களில் மெகல்லன் கலம் ராடாரில் படம் எடுத்த காலத்திலிருந்தே இருக்கிறது. இந்தியாவின் வெள்ளிக் கலத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது; 2028இல் கிளம்ப வேண்டும் என்பது திட்டம். டெசரா முழுக்க எரிமலைப் பசால்ட் பாறை என்று தெரிந்தால் என் வாதம் பலப்படும். கிரானைட் என்று தெரிந்தால், வெள்ளியிலும் ஒரு காலத்தில் கடலும் திரும்ப உருக்கும் உலையும் இருந்து பின்பு அணைந்தன என்று காட்டியாக வேண்டும். கடல் இல்லாமலே அது உண்டாகியிருந்தால் நான் எழுதியதில் பாதியை அடித்துவிட வேண்டியதுதான்.

கோள்களில் கலப்பும் நடக்கிறதே, பிரிப்பை மட்டும் பேசலாமா என்பது கடைசி ஆட்சேபம். விண்கல் மோதினால் எல்லாம் கலங்கிவிடும். லெங்கோங் பள்ளத்தாக்கின் புக்கிட் புனு அப்படி ஒரு மோதல் நடந்த இடம் என்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சொல்கிறார்கள். உருகிக் கலந்த பாறைக்கு 18.3 லட்சம் ஆண்டு வயது கணித்தார்கள். கடலடித் தட்டு பூமிக்குள் இறங்கும்போது சேறும் கூடவே இறங்கி மேலோட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலோடு கலக்கிறது. உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பிரிந்தது மட்டும் இருந்தால் சல்லடைக்கு மேலே வேலை இல்லை. கலந்தால்தான் அடுத்த ஈடு ஓடும். நிலவில் கலப்பு நின்றதால் பிரிப்பும் நின்றது.

மழைக்காலத்தில் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் புதிதாக வெட்டிய சரிவுகளிலிருந்தும் பெர்த்தாம் ஆற்றில் இறங்கும் மண், ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னால் தேங்குகிறது. 1960களில் கட்டிய அந்த நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பெரும்பங்கைச் சேறு தின்றுவிட்டது. தோண்டி எடுத்து மாளவில்லை. தேக்கத்து நீர் சுரங்கக் குழாய் வழியாக மேற்கே பேராக் பக்கம் திரும்பி மின்சாரம் தந்துவிட்டு மலாக்கா நீரிணைக்குப் போகிறது. அதில் மிதந்து தப்பும் நுண்களி நீரிணையின் ஆழமில்லாத தரையில் படிகிறது. தெற்கே ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது.